பத்து நகர்வில் தோற்ற பிள்ளைக்கு எந்த ஓப்பனிங் சொல்லிக்கொடுப்பது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினொரு வயது, ஒன்றரை வருடமாகச் செஸ் ஆடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டியில் கறுப்புக் காய்களோடு ஆடிப் பத்தே நகர்வில் மேட் வாங்கிவிட்டாள். பயிற்சியாளர் மூன்று ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத் தொடக்கத்துக்கென்று வகுத்துவைத்த நகர்வு வரிசைகளை, பதினைந்து நகர்வு வரை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். செஸ் தெரிந்த உறவினர் ஒருவரோ, இந்த வயதுக்கு ஓப்பனிங்கே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எந்த ஓப்பனிங் நல்லது என்பது கேள்வி. கூடவே ஒரு வால்: பூவனூரில் சிவபெருமான் சதுரங்கம் ஆடி ஜெயித்தாராமே, அந்தக் காலத்திலும் இந்த ஓப்பனிங் தொல்லை உண்டா?

நான் படித்த வரையில், நீங்கள் உண்மையில் கேட்பது ஓப்பனிங்கின் பெயரை இல்லை. பிள்ளைக்கு ஞாபகம் போதாமல்தான் தோற்றாளா, அப்படியானால் மேலே செலவு செய்வதில் பலன் உண்டா என்பதுதான் உங்கள் கவலை. தஞ்சாவூர் வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாநில அளவில் கொஞ்சம் ஆடியிருக்கிறேன், பெரிய ஆட்டக்காரன் இல்லை. கிராண்ட்மாஸ்டர் ஆகப்போகும் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. பதினொரு வயதில் எட்டு நிமிடத்தில் தோற்றுவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது ஓரளவு தெரியும்.

ஞாபகப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இது ஆளுக்கு 25 நிமிட ரேப்பிட் ஆட்டம். அதில் நகர்வுகளை எழுத வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீட்டுக்கு வந்தபிறகு, அழுதுகொண்டே, பத்து நகர்வையும் வரிசை தப்பாமல் எழுதிக் கொடுத்தாள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தோற்ற ஆட்டத்தை அப்படி எழுதுகிற பிள்ளைக்கு ஞாபகத்தில் என்ன குறை? என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேரால் ஐந்தாவது நகர்வைத் தாண்ட முடியாது.

இப்போது அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்ப்போம், நீங்களும் காய்களை அடுக்கிக்கொள்ளுங்கள். கட்டத்தின் பெயரில் வரும் எழுத்து, வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையான நெடுவரிசை; எண், வெள்ளை பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்குவரிசை. காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் சொன்னால் அது சிப்பாய் நகர்வு. இரண்டு பக்கமும் இ4, இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இதுவரை வந்தது இத்தாலியன் என்ற ஓப்பனிங். உங்கள் மகள் மூன்றாவது நகர்வில் இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்தாள். நல்ல நகர்வு, ஆனால் வம்பை வாசலுக்கு அழைக்கிற நகர்வு. எதிரி நான்காவது நகர்வில் குதிரையை ஜி5-க்குக் கொண்டுபோனான். அந்தக் குதிரையும் சி4 பிஷப்பும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. ஆட்டத் தொடக்கத்தில் ராஜாவைத் தவிர வேறு எந்தக் காயும் தாங்காத கட்டம் அது. அவள் டி5 தள்ளி பிஷப்பின் வழியை மறித்தாள். சரியான பதில், இதை யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்ட, இவள் எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டினாள். வழுக்கியது இந்த ஐந்தாவது நகர்வில்தான். வெள்ளைக் குதிரை எஃப்7-இல் விழுந்து ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும், வெட்டுகிறது. ஏழாவது நகர்வில் வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து செக் சொல்லிவிட்டு, டி5-இல் நிற்கும் குதிரையையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் வறுத்த ஈரல் தாக்குதல். என் வகுப்பில் ‘ஈரல் வறுவல்’ என்றுதான் பெயர், பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது. போலேரியோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் காலத்திலிருந்து, ஏறக்குறைய 400 வருடமாக, ஆட்கள் இதில் விழுந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் மகள் அந்த நீண்ட வரிசையில் ஒருத்தி, அவ்வளவுதான்.

ஆனால் மேட் வாங்கியது அந்த ஐந்தாவது நகர்வினால் இல்லை. எஃப்3-இலிருந்து செக் வந்ததும் அவள் ராஜாவை ஜி8-க்கு நகர்த்தினாள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள், “அதுதான் ராஜாவோட வீடு” என்பாள். கோட்டை கட்டினால், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றினால், ராஜா அங்கேதான் போய் உட்காரும் என்று பழகியிருக்கிறாள். இந்த நிலையில் அது வீடு இல்லை, முட்டுச்சந்து. பக்கத்தில் எஃப்8-இல் பிஷப், எச்8-இல் யானை, முன்னால் சொந்தச் சிப்பாய்கள். வெள்ளை பிஷப் டி5 குதிரையை வெட்டிச் செக் சொல்கிறது. இவள் ராணியால் அதை வெட்டினாள், வெள்ளை ராணி இவள் ராணியை வெட்டியது. பிஷப்பை இ6-இல் குறுக்கே வைத்தாள், அதையும் வெட்டினான், மேட். பத்து நகர்வு.

அந்த ஏழாவது நகர்வில் குதிரையைக் கைவிடாத கட்டம் ஒன்றே ஒன்றுதான், இ6. ராஜா நடு வீதிக்கு வந்து நின்று தன் குதிரையைத் தானே தாங்க வேண்டும். பார்க்கவே பயமாக இருக்கும். அடுத்து வெள்ளையின் இன்னொரு குதிரை சி3-க்கு வந்து டி5-ஐ மேலும் அழுத்தும். கறுப்பு சி6 குதிரையை பி4-க்கோ இ7-க்கோ கொண்டுவந்து முட்டுக்கொடுக்க வேண்டும். இதற்குமேல் கறுப்பு பிழைக்குமா? கணினி என்ஜின் வெள்ளை பக்கம்தான் சாய்கிறது. நான் நேரில் பார்த்த பிள்ளைகள் ஆட்டங்களில் கறுப்பு அநேகமாகத் தோற்றுத்தான் போகிறது. ஆனாலும் வெள்ளை ஒவ்வொரு நகர்வையும் யோசித்து ஆடியாக வேண்டும். ஆட்டம் எட்டு நிமிடத்தில் முடிந்திருக்காது.

நான் கவனித்த இன்னொன்று: ஆட்டம் முடிந்தபோது அவள் கடிகாரத்தில் 21 நிமிடம் மீதி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ராஜாவுக்குச் செக், கூடவே ஒரு குதிரைக்கு ஆபத்து. அந்த இடத்தில் மூன்று நிமிடம் உட்கார்ந்து, ‘இந்த ராணி எதையெல்லாம் பார்க்கிறது’ என்று எண்ணியிருந்தால் டி5 கண்ணில் பட்டிருக்கும். ஓப்பனிங் புத்தகம் தெரியாமல் போனது ஐந்தாவது நகர்வில், பார்க்காமல் போனது ஏழாவது நகர்வில். இரண்டும் வேறு வேறு நோய். மனப்பாடம் முதலாவதற்கு மட்டும்தான் மருந்து, அதுவும் அரைகுறை மருந்து.

ஏன் அரைகுறை என்றால், கணக்கு அப்படி. முதல் நகர்வுக்கு வெள்ளைக்கு 20 வழிகள். கறுப்பும் ஒருமுறை நகர்த்தியதும் 400. இருவரும் இரண்டிரண்டு முறை நகர்த்தியதும் 1,97,281 விதமாக ஆட்டம் போயிருக்கலாம். பெரும்பாலானவை உருப்படாத வழிகள்தான். ஆனால் பதினொரு வயது எதிரி அந்த உருப்படாத வழியைத்தான் ஆடுவான். பதினைந்து நகர்வு மனப்பாடம் செய்துகொண்டு போகும் பிள்ளை நான்காவது நகர்விலேயே தனியாக நிற்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு ஒன்பது வயதுப் பையன். பல வருடம் முன்பு நீடாமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். லண்டன் முறை என்ற ஓப்பனிங் அவனுக்குச் சுலபமாக இருக்கும் என்று, “எதிராளி எதை ஆடினாலும் நீ பாட்டுக்கு டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 என்று வை” என்று சொல்லி அனுப்பினேன். முதல் போட்டி, முதல் சுற்று. நான் ஜன்னல் பக்கம் நிற்கிறேன். பையன் டி4, எதிரி டி6. பையன் பிஷப் எஃப்4, எதிரி இ5. அந்த இ5 சிப்பாய் பிஷப்பையும் டி4 சிப்பாயையும் ஒரே நேரத்தில் கடிக்கிறது. என் மாணவன் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை, மூன்றாவது நகர்வாக இ3 வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பிஷப் போயிற்று. இதில் கொடுமை என்னவென்றால் எதிரி ஆடிய இ5 ஒரு தப்பு. டி4 சிப்பாயால் அதை வெட்டி, அவன் திருப்பி வெட்டியதும் ராணிகளை மாற்றிக்கொண்டு, பிஷப்பால் இ5-ஐ எடுத்திருந்தால் ஒரு சிப்பாய் இலாபம். சும்மா கிடைத்த சிப்பாயை விட்டுவிட்டு பிஷப்பைக் கொடுத்துவிட்டு வந்தான். தப்பு அவனுடையது இல்லை, ‘எதை ஆடினாலும்’ என்று சொன்ன என்னுடையது.

பெரியவர்களுக்கு இப்படி நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. நம் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக ஆன அதே 1988-ஆம் ஆண்டில், ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆறே நகர்வில் தோற்றார். கறுப்பில் பெட்ரோவ் முறை என்ற ஓப்பனிங். ஐந்தாவது நகர்வில் பிஷப்பை எஃப்5-இல் வைத்து இ4 குதிரையைத் தாங்கினார். வெள்ளை ராணி இ2-க்கு வந்தது, ஆட்டம் முடிந்தது. குதிரை நகர்ந்தால் ராஜா திறந்துகொள்ளும். டி5 தள்ளி முட்டுக்கொடுத்தால் வெள்ளை டி3 தள்ளிக் குதிரையைப் பறிக்கும். ராணியை இ7-க்குக் கொண்டுவந்தால் வெள்ளைக் குதிரை டி5-க்கு வந்து அதை விரட்டும். இவ்வளவும் பதிவில் இருப்பது, சந்தேகமே இல்லை. இதே பிஷப் எஃப்5 அதற்கு முந்தைய ஆண்டு மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டத்தில் வந்து டிராவில் முடிந்திருக்கிறது, இதுவும் உறுதி. அந்த ஆட்டத்தை அச்சில் பார்த்து நம்பித்தான் ஆனந்த் ஆடினார் என்பதும், அந்த டிராவே இரண்டு பேரும் முன்னமே பேசிவைத்தது என்பதும் செஸ் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லலாம். பத்து நகர்வு தாக்குப்பிடித்த அவள் நான்கு நகர்வு முன்னால் இருக்கிறாள்.

அப்படியானால் உறவினர் சொல்வதுதான் சரியா? அதுவும் இல்லை. ஓப்பனிங்கே வேண்டாம் என்று அனுப்பினால், ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு ஆட்டமாவது பத்து நகர்வுக்குள் போகும். பள்ளிக்கூடத்து வராந்தாவில், உள்ளே எல்லாப் பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருக்க, அடுத்த சுற்றுக்கு முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பது ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். செஸ்ஸை விட்டுப் போகும் பிள்ளைகளில் நிறையப் பேர் அந்த வராந்தாவில்தான் போகிறார்கள். குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க வருடங்களில் என்ஜின் இல்லாமலே வளர்த்தார் என்பது உண்மை, பேட்டிகளில் அவர்களே சொன்னது. அதைக் கேட்டுவிட்டு ‘ஓப்பனிங் வேண்டாம்’ என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறவர்கள், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். வெள்ளையில் அதே இத்தாலியன், ஆனால் சாந்தமான வகை: இ4, குதிரை எஃப்3, பிஷப் சி4, அப்புறம் சி3, டி3, கோட்டை. இப்போது உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களே அடிக்கடி ஆடுவது, சின்னப் பிள்ளை முறை என்று யாரும் சிரிக்க முடியாது. கறுப்பில் இ4-க்கு இ5தான், மாற்ற வேண்டாம். ஆனால் மூன்றாவது நகர்வில் குதிரை எஃப்6-க்குப் பதிலாக பிஷப் சி5. ராணியின் முன்னால் வழி திறந்தே இருப்பதால் எதிரியின் குதிரை ஜி5-க்கு வரவே முடியாது, வந்தால் டி8 ராணி நேராக வந்து எடுத்துக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்தது, வெள்ளையிலும் கறுப்பிலும் ஒரே மாதிரி நிலைகள் வரும். ஒன்றைக் கற்றால் இரண்டு பக்கமும் கற்ற மாதிரி. டி4 ஆடுகிறவர்களுக்கு டி5, இ6, குதிரை எஃப்6, பிஷப் இ7, கோட்டை. ஒரு வருடத்துக்கு இவ்வளவு போதும்.

குதிரை எஃப்6-ஐயே வைத்துக்கொள்கிறேன் என்று அவள் அடம் பிடித்தால் (பிடிப்பாள், தோற்ற இடத்தில்தான் பிள்ளைகளுக்கு ரோஷம் வரும்), ஐந்தாவது நகர்வில் சிப்பாயை வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் தாக்கச் சொல்லுங்கள். பிஷப் பி5-இல் செக் சொல்லும், சி6 தள்ள வேண்டும், வெள்ளை வெட்டும், பி சிப்பாயால் திருப்பி வெட்ட வேண்டும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் நஷ்டம், ஆனால் வெள்ளையின் பிஷப்பும் குதிரையும் பின்வாங்கி ஓடும், கறுப்புக் காய்கள் வேகமாக வெளியே வரும். அந்த நஷ்டம் சரிக்கட்டப்படுகிறதா என்பதில் பெரிய ஆட்டக்காரர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. சிப்பாய் குறைவாக இருந்தாலும் பதறாமல் ஆடும் சுபாவம் உள்ள பிள்ளைக்குச் சரிவரும். உங்கள் மகளின் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் பார்த்திருக்கிறேன், அவள் எந்த ரகம் என்று என்னால் சொல்ல முடியாது. ஜெயித்த ஆட்டம் இரண்டு, டிரா ஆன ஆட்டம் ஒன்று எழுதிப் போட்டால் கொஞ்சம் சொல்லலாம்.

பயிற்சியாளரை மாற்றச் சொல்கிறேனா? இல்லை. அவரிடம் ஒன்று கேளுங்கள்: பதினைந்து நகர்வு வேண்டாம் சார், ஆறு நகர்வு போதும், ஆனால் ஒவ்வொன்றும் எதைத் தாக்குகிறது, எதைத் தாங்குகிறது என்று அவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்டால் அவர் நல்ல ஆசிரியர்தான். வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிறாள் என்றால் ஓப்பனிங்குக்கு கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீதியில் பாதி, இரண்டு மூன்று நகர்வில் தீரும் புதிர்கள். பாதி, கடைசி ஆட்டம், அதாவது காய்கள் குறைந்தபிறகு வரும் முடிவுக் கட்டம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன பதினான்காவது ஆட்டம் எங்கே முடிவானது என்று பாருங்கள். ஓப்பனிங்கில் ஒன்றும் ஆகவில்லை, ராணிகள் போய், யானையும் பிஷப்பும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சி, 55-ஆவது நகர்வில் எதிரே ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டார், மிஞ்சியது ஜெயிக்கிற சிப்பாய் ஆட்டம்.

பூவனூர்க் கேள்விக்கு வருகிறேன். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோயிலில் சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். எந்த விதிப்படி ஆடினார்கள் என்று புராணத்தில் தேடக்கூடாது. ஆனால் பழைய சதுரங்கம் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது உண்டு. இப்போதைய ராணியின் இடத்தில் நின்ற மந்திரி குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் போகும். பலகை முழுக்கப் பாயும் ராணியும் நீளமாக ஓடும் பிஷப்பும் ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. அதனால் ஏழாவது நகர்வில் எஃப்3-இலிருந்து இரண்டு காயை ஒரே நேரத்தில் பிடிக்கும் ஈரல் வறுவல் அங்கே வேகவே வேகாது. என் தாத்தா திண்ணையில் ஆடியதும் பாதி பழைய ஆட்டம்தான். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான், கோட்டை கட்டுவது கிடையாது, செக் வாங்காத ராஜா மட்டும் ஒருமுறை குதிரை மாதிரித் தாண்டிக்கொள்ளலாம். அவர்களுக்கும் ஓப்பனிங் உண்டு, ஆனால் நிதானமாக நாற்று நடுகிற மாதிரி ஆளுக்கு ஆள் தங்கள் பக்கத்தில் காய்களை அடுக்கிக்கொள்வார்கள், சண்டை அப்புறம்தான். பத்து நகர்வில் மேட் என்றால் தாத்தா நம்பவே மாட்டார்.

இன்றைக்குச் சாயங்காலம் ஒன்று செய்யுங்கள். வெள்ளை ராணி எஃப்3-இல் செக் சொன்ன அந்த நிலையை அடுக்கி, மகளை வெள்ளை பக்கம் உட்காரவைத்து நீங்கள் கறுப்பு ஆடுங்கள். உங்களுக்குச் செஸ் அவ்வளவாகத் தெரியாது என்றீர்கள், அது ரொம்ப நல்லது, அவள் உங்களைக் கதறக் கதறத் தோற்கடிக்கட்டும். நாலு தடவை ஜெயித்தபிறகு பக்கத்தை மாற்றி, ராஜாவை இ6-இல் வைத்து அவள் தாக்குப்பிடிக்கட்டும். அடுத்த மாதப் போட்டியில் யாரோடு யார் என்ற பேரிங் பட்டியல் ஒட்டும்போது அதே பையன் பெயர் எதிரே வந்தால், மூன்றாவது நகர்வு பிஷப் சி5 என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள். பழக்க தோஷத்தில் அவன் குதிரையை ஜி5-க்கு ஓட்டினால், அவசரப்படாமல் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, ராணியால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.